கருகிய கலமும் கழுவும் கையும்: இல்லப் பியர்க் காய்ச்சுகலங்களின் துப்புரவு பற்றிய ஒரு விளக்கம்

கலை இலக்கிய ஆராய்ச்சிக்கென அமைந்த இதழொன்றில் பாத்திரம் துலக்குவது பற்றிய கட்டுரை இடம்பெறுவது சிலருக்கு வியப்பளிக்கலாம். ஆயின், பண்பாட்டை அதன் பொருளியல் அடிப்படையிலிருந்து பிரித்து நோக்குதல் இயலாதென்று ஏற்றுக்கொள்வோர், மனிதன் ஆக்கிய பொருள்களை மட்டுமன்றி, அப்பொருள்களைப் பேணும் உழைப்பையும் ஆய்வுக்குரியதாகக் கொள்ளுதல் வேண்டும். ஆக்குதல் பற்றி நிறைய எழுதப்பட்டுள்ளது. துடைத்தல், கழுவுதல், துலக்குதல் பற்றி எழுதப்பட்டது மிகக் குறைவு. இக்குறை தற்செயலானதன்று. துப்புரவுழைப்பு எவரது கண்ணிலும் படாதபோதுதான் அது செவ்வனே நிறைவேறியதாகக் கருதப்படுகிறது. மேலைநாடுகளில் வீட்டிற் பியர் தயாரிப்போர் பயன்படுத்தும் கறையில் உருக்குக் கலத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, அது கருகுவது ஏன், அதனைத் தீங்கின்றித் துலக்குவது எங்ஙனம் என்பவற்றை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம். நமது வழக்கில் 'எவர்சில்வர்' எனப்படும் உலோகத்தாலாய எக்கலத்துக்கும் இங்குக் கூறப்படுவன பெரும்பாலும் பொருந்தும்.

1. இல்லப் பியர்த் தயாரிப்பு: ஒரு வரலாற்றுக் குறிப்பு

'வீட்டிற் காய்ச்சுதல்' என்றதும் நம்மவர்க்குக் கசிப்பே நினைவுக்கு வரும். இங்குப் பேசப்படுவது அதுவன்று. கசிப்பு வடித்திறக்கப்படுவது, பியர் நொதித்தலோடு நின்றுவிடுவது. வாற்கோதுமையை முளைக்கவைத்து உலர்த்தினால் அது மோல்ற் எனப்படும். இதனை வெந்நீரில் ஊறவைக்க, அதிலுள்ள மாப்பொருள் வெல்லமாக மாறும். இவ்வாறு பெறப்படும் இனிப்புச் சாற்றுக்கு வோர்ட் என்று பெயர். இச்சாற்றினை ஹொப்ஸ் என்னுங் கொடியின் பூக்களுடன் ஏறத்தாழ ஒரு மணி நேரம் கொதிக்கவைத்து, ஆற்றி, மதுவம் சேர்த்து நொதிக்கவிடுவர். கொதிக்கவைக்கும் இக்கட்டத்திற்குப் பயன்படுவதே காய்ச்சுகலம்.

மத்தியகால இங்கிலாந்திலே இத்தொழில் பெரிதும் பெண்களின் கையிலிருந்தது. குடும்பத் தேவைக்கு ஆக்கி, எஞ்சியதை அயலவருக்கு விற்கும் சிறு உற்பத்தியாகவே அது விளங்கிற்று. ஹொப்ஸ் சேர்த்த பியர் நெடுநாள் கெடாதிருந்தமையால் தொலைவிடங்களுக்கு எடுத்துச் சென்று விற்கக்கூடியதாயிற்று. முதலீடு பெருகப் பெருக உற்பத்தி வீட்டைவிட்டு ஆலைக்குச் சென்றது. பெண்கள் அதிலிருந்து ஒதுங்கினர். எஞ்சியிருந்த இல்ல உற்பத்தியும் 1880ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் பிரித்தானியாவில் அனுமதிப்பத்திரத்துக்குட்பட்டது. அக்கட்டுப்பாட்டை 1963இல் நிதியமைச்சர் றெஜினோல்ட் மோட்லிங் நீக்கினார். ஐக்கிய அமெரிக்காவிலோ, 1933இல் மதுவிலக்கு நீங்கிய பின்னரும், வீட்டிற் பியர் தயாரித்தல் கூட்டாட்சிச் சட்டத்தின்படி குற்றமாகவே நீடித்தது. ஜனாதிபதி ஜிம்மி கார்ட்டர் 1978 ஒக்டோபர் 14இல் ஒப்பமிட்ட சட்டம் 1979 பெப்ரவரியில் நடைமுறைக்கு வந்தபின்னரே, வளர்ந்தோர் ஒருவர் மட்டுமுள்ள வீட்டில் ஆண்டுக்கு 100 கலனும், இருவரோ பலரோ உள்ள வீட்டில் 200 கலனும் வரியின்றித் தயாரிக்க இடமளிக்கப்பட்டது. அலபாமா, மிசிசிப்பி ஆகிய மாநிலங்கள் 2013இலேயே இதற்கு இணங்கின.

ஆலை பறித்துச் சென்ற தொழிலின் ஒரு கூறு இவ்வாறு பொழுதுபோக்காக வீட்டுக்குத் திரும்பியது. ஆயின், ஆலையிலே பல கைகளுக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டிருந்த வேலைகள் யாவும் இப்பொழுது ஒருவர் தலையிற் சுமந்தன. காய்ச்சுபவரே கழுவவும் வேண்டும். ஆலையின் எரிசோடாவும் அமிலமும்கூடச் சில்லறைப் பொதிகளாக அடுக்களைக்கு வந்து சேர்ந்தன. அவற்றைக் கையாளும் பயிற்சி உடன் வரவில்லை. பாதுகாப்பு என்னும் பிரச்சினை இங்கேதான் தோன்றுகிறது.

2. கலத்தின் உலோகம்

இரும்புடன் குறைந்தது 10.5 நூற்றுவீதம் குரோமியம் சேர்ந்தாலே அது கறையில் உருக்கெனப்படும். சமையற் கலங்களிற் பெருவழக்காயுள்ள வகையில் ஏறத்தாழ 18 நூற்றுவீதம் குரோமியமும் 8 நூற்றுவீதம் நிக்கலும் உண்டு. குரோமியம் வளியிலுள்ள ஒட்சிசனுடன் சேர்ந்து, சில நனோமீற்றர் தடிப்பேயுள்ள ஒட்சைட்டுப் படலமொன்றை உலோகத்தின் மேற்பரப்பில் உண்டாக்குகிறது. கண்ணுக்குப் புலனாகாத இப்படலமே உலோகத்தைத் துருவிலிருந்து காக்கிறது. கீறுபட்டால் அது தானே மீண்டும் உருவாகும். ஆனால் அதற்கு மேற்பரப்பு தூயதாகவும் ஒட்சிசன் எட்டக்கூடியதாகவும் இருத்தல் வேண்டும். இவ்வுலோகத்தைத் துலக்குவது பற்றிய விதிகள் யாவும் இந்த ஓர் உண்மையிலிருந்தே பிறக்கின்றன. கலத்தைக் காப்பது அதன் பளபளப்பன்று, அப்படலமே.

இவ்வுலோகத்தின் வரலாற்றிலும் கழுவுங் கை உண்டு. 1913 ஓகஸ்டில், இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில், துப்பாக்கிக் குழல்கள் விரைவில் தேய்ந்துபோவதைத் தடுக்க வழி தேடிய ஹரி பிரியர்லி என்பவர், ஏறத்தாழ 12.8 நூற்றுவீதம் குரோமியங் கொண்ட உருக்கை வார்ப்பித்தார். உருக்குலைத் தொழிலாளி ஒருவரின் மகனான அவர், பன்னிரண்டு வயதிற் பள்ளியை விட்டு, உருக்கு நிறுவனமொன்றின் ஆய்வுகூடத்திலே போத்தல் கழுவும் பையனாகத் தொடங்கியவர். தமது கண்டுபிடிப்பின் உரிமை தொடர்பாக நிறுவனத்துடன் பிணங்கி அவர் வெளியேற நேர்ந்தமையும் பதிவாகியுள்ளது. ஜேர்மனியிலே குறுப் நிறுவனத்தினர் நிக்கல் கலந்த வகைக்கு 1912இலேயே காப்புரிமை கோரியிருந்தனர். தனிமனிதரின் மேதையை மட்டும் கொண்டு இதனை விளக்குதல் பொருந்தாது. ஆயுதப் போட்டியும் இரசாயனக் கைத்தொழிலின் வளர்ச்சியும் ஒரே வினாவைப் பல நாடுகளில் ஒரே வேளையில் எழுப்பின என்பதே உண்மை.

ஷெபீல்ட் நகரின் பளபளப்புக்கு இன்னொரு முகமும் உண்டு. கத்தி, முள்ளுக்கரண்டி ஆகியவற்றை உலர்கல்லிற் சாணைபிடித்த தொழிலாளர், கற்றுகளும் உலோகத்துகளும் நுரையீரலிற் படிந்து, முப்பத்தைந்து வயதளவிலேயே மாண்டனர் என்பதை 1845இல் வெளிவந்த தமது நூலில் எங்கெல்ஸ் எடுத்துரைத்துள்ளார். துலக்கமான உலோகத்தைக் காணும்போது அதனைத் துலக்கியவரின் மூச்சையும் எண்ணிப்பார்த்தல் தகும்.

3. கருகுவது ஏன்?

கறையில் உருக்கு வெப்பத்தை நன்கு கடத்துவதன்று. செம்பு அதனிலும் இருபது மடங்குக்கு மேலாகவும், தூய அலுமினியம் பத்து மடங்குக்கு மேலாகவும் வெப்பத்தைக் கடத்தும். எனவே அடுப்பின் சுவாலை படும் இடத்தில் வெப்பம் பரவாது தேங்குகிறது. அவ்விடம் மட்டும் மிகையாகச் சூடேறுகிறது. இதனைத் தவிர்க்கவே நல்ல கலங்களின் அடியிலே இரு உருக்குத் தகடுகளுக்கிடையே அலுமினியத் தகடு வைத்துப் பிணைக்கப்படுகிறது.

வோர்ட்டிலே வெல்லங்களும் புரதக் கூறுகளான அமினோ அமிலங்களும் உள்ளன. இவை வெப்பத்தில் ஒன்றோடொன்று தாக்கமுற்றுக் கபில நிறப் பொருள்களைத் தோற்றுவிப்பதனை 1912இல் மயார் என்னும் பிரெஞ்சு அறிஞர் விவரித்தார். பாணின் மேற்றோலுக்கும் வறுத்த கோப்பிக்கும் நிறமும் மணமும் தருவது இத்தாக்கமே. ஆயின், கலத்தின் அடியில் அது எல்லை மீறும்போது வெல்லம் எரிந்து கரியாகிறது. பெருமளவிற் கருகுதல் நிகழ்வது, கெட்டியான மோல்ற் பாகினைக் கொதிக்குஞ் சாற்றில் ஊற்றும் வேளையிலாகும். பாகு நீரினும் அடர்த்தி மிக்கது. கலக்காவிடில் நேரே அடியிற் சென்று படியும். மின்வெப்பச் சுருள் பொருத்திய கலங்களில், மாவும் புரதமும் சுருளின்மேற் படிந்து கருகுவதுமுண்டு.

கருகல் மணம் ஏறிய பியரை மீட்பதற்கு வழியில்லை. கலத்தை மீட்க முடியும். ஆனால், கருகிய படையை ஒரே வகைப் பொருளாகக் கருதுதல் தவறு. மேலே ஒட்டும் வெல்லப்பாகு, அதன்கீழ்ப் புரதமும் கபிலப் பொருள்களும், அடியிலே கரி, சில வேளைகளிற் கல்சியம் ஒட்சலேற்றாலாய 'பியர்க்கல்' என்னும் வெண்படிவு. முதலாவது நீரிற் கரையும். இரண்டாவது காரத்துக்கும் ஒட்சியேற்றத்துக்கும் நெகிழும். கரி எதிலும் எளிதிற் கரையாது, தன்னைப் பிணைத்துள்ளவை நெகிழ்ந்தால் மட்டுமே கழன்று வரும். பியர்க்கல்லுக்கு அமிலம் வேண்டும். நமது மூதாதையர் பாத்திரத்தை முதலிற் சாம்பலாலும் பின்னர்ப் பழப்புளியாலும் துலக்கியமை இத்தகைய அனுபவ அறிவேயாகும். சாம்பலிற் பொற்றாசியம் காபனேற்று என்னும் காரமும், புளியிலே தாத்தாரிக்கமிலமும் உள்ளன.

4. துலக்கும் முறை

துப்புரவு நான்கு காரணிகளாலானது என்பது ஹெர்பேட் சின்னர் என்னும் ஜேர்மானிய இரசாயனர் வகுத்த கோட்பாடு. இரசாயனம், வெப்பநிலை, நேரம், பொறிமுறை விசை என்பவையே அந்நான்குமாம். ஒன்றைக் குறைத்தால் மற்றவற்றுள் ஒன்றைக் கூட்டவேண்டும். கருகிய கலத்தைக் கண்டதும் பலரும் செய்வது, நேரத்தைச் சுருக்கி விசையைப் பெருக்குதலாகும். கையும் நோகும், கலமும் கெடும். கறையில் உருக்கைப் பொறுத்தவரை, நேரத்தைப் பெருக்கி விசையைச் சுருக்குவதே அறிவுடைமை.

(அ) அடுப்பை அணைத்து, மின்கலமாயின் இணைப்பைக் கழற்றி, கலம் தானே ஆறும்வரை பொறுத்தல் வேண்டும். சூடான வெறுங்கலத்திற் குளிர்நீரை ஊற்றினால் ஆவி பொங்கிக் கையைச் சுடும், அடித்தகடு நெளியவுங்கூடும். வாயிற்குழாயைக் கழற்றித் தனியே வைக்கவேண்டும். கருகிய துணுக்குகள் அதனுள்ளும் ஒளிந்திருக்கும்.

(ஆ) வெந்நீர் நிரப்பி ஒரு மணி நேரம் ஊறவிட, வெல்லப்பாகு கரைந்துபோகும். நெகிழ்ந்தவற்றை மரக்கரண்டியாலோ பிளாஸ்ரிக் தகட்டாலோ வழித்தெடுக்கலாம்.

(இ) அடுத்துச் சோடியம் பேர்காபனேற்று. வாசனையோ சாயமோ சேராத ஒட்சிசன் வெளிற்றித்தூள்களின் முதன்மைப் பொருள் இதுவே. நீரிற் கரையும்போது இது சலவைச்சோடாவாகவும் ஐதரசன் பேரொட்சைட்டாகவும் பிரிகிறது. முன்னையது கொழுப்பையும் புரதத்தையும் நெகிழ்விக்கும். பின்னையது நிறப்பொருள்களை ஒட்சியேற்றி உடைக்கும். லீற்றருக்கு 8 முதல் 15 கிராம் வரை, 60 முதல் 70 பாகை செல்சியஸ் வெப்பமுள்ள நீரிற் கரைத்து, கருகிய பகுதி முழுவதும் மூழ்குமாறு ஊற்றி, சில மணி நேரமோ ஓரிரவோ விடவேண்டும். மூடியை இறுக மூடலாகாது. காலையிலே கரி ஏடு ஏடாகக் கழன்றிருப்பதைக் காணலாம். எஞ்சியிருப்பின் நீரை மாற்றி இதனையே திரும்பச் செய்தல் வேண்டும். இரண்டாம் முறையிலும் விடாதவை மிகச் சிலவே.

(ஈ) எஞ்சியவற்றை அப்பச்சோடாவை நீரிற் குழைத்த களியாலும் மென்மையான பஞ்சாலும், உலோகத்தின் மெருகுக்கோடுகள் ஓடும் திசையிலேயே தேய்க்கலாம். சாதாரண உருக்குத் தும்பு ஆகாது. அதன் நுண்ணிய இரும்புத் துணுக்குகள் மேற்பரப்பிற் புதைந்து துருப்பிடிக்கும். கறையில் உருக்கே துருப்பிடித்ததாக மக்கள் மயங்குவது இதனாலேயே. துளைபொறியிற் பொருத்தும் கம்பித்தூரிகை இன்னும் கேடானது. அதன் கம்பிகள் முறிந்து கண்ணை நோக்கிப் பாயும்.

(உ) நன்றாகக் கழுவிய பின்னரே அமிலம். வெண்படிவுக்கும், மிகைச்சூட்டால் ஒட்சைட்டுப் படலம் தடித்து உண்டாகும் வானவில் நிறத்துக்கும் சித்திரிக்கமிலம் உதவும். 4 முதல் 10 நூற்றுவீதக் கரைசலை இளஞ்சூட்டில் 20 நிமிடமேனும் விட்டுவைத்தால், ஒட்டியுள்ள இரும்புத் துணுக்குகளும் கரைந்து நீங்கும். பாதுகாப்புப் படலம் செம்மையாக அமையும். பிடிவாதமான கறைக்கு ஒட்சாலிக்கமிலம் சேர்ந்த துலக்குதூள் வலிமை மிக்கது. ஆயின், அது நஞ்சு. கையுறை அணிந்து, ஓரிரு நிமிடத்துக்கு மேல் விடாது, உலரவும் விடாது, பலமுறை கழுவவேண்டும்.

(ஊ) இறுதியாக, கலத்தைத் தூயநீரால் நனைத்து நோக்குக. நீர் முழுப்பரப்பிலும் ஒரே விரிப்பாக வழிந்தால் மேற்பரப்பு தூயது. திரண்டு துளிகளாக நின்றால் நெய்ப்பசை எஞ்சியுள்ளது. பின்னர்க் கவிழ்த்து, வளி படுமாறு உலரவைக்க வேண்டும். படலம் செம்மையாக உருவாக ஒட்சிசன் தேவையென்பதை மேலே கண்டோம்.

5. தவிர்க்கவேண்டிய தீங்குகள்

துப்புரவிலே நேரும் கேடுகள் பெரும்பாலும் பொருள்களின் கலப்பாலேயே உண்டாகின்றன. குளோரீன் வெளிற்றுதிரவத்துடன் வினாகிரியோ வேறெந்த அமிலமோ கலந்தால் குளோரீன் வாயு வெளிப்படும். 1915 ஏப்ரல் 22இல் பெல்ஜியத்தின் ஈப்பர் போர்முனையில் ஜேர்மானியப் படை ஏவியது இவ்வாயுவையே. காற்றோட்டமற்ற அடுக்களையில் அதனைத் தானே தோற்றுவித்துக்கொள்ள ஒருவருக்கு இரண்டு போத்தல்கள் போதும். அமோனியாவுடன் கலந்தால் குளோரமீன் என்னும் பிறிதொரு நச்சுவாயு உண்டாகும். இவையன்றி, குளோரைட்டுகள் கறையில் உருக்கின் படலத்தைத் துளைத்து, ஊசிமுனையளவான குழிகளை ஆக்கும். ஆகவே இக்கலத்துக்கு வெளிற்றுதிரவம் எவ்வகையிலும் உரியதன்று. ஐதரோகுளோரிக்கமிலம் அதனினும் கொடியது.

பேர்காபனேற்றுக் கரைசலைப் போத்தலில் அடைத்துச் சேமித்தலும் ஆகாது. ஒட்சிசன் தொடர்ந்து வெளியேறி, அமுக்கத்தால் போத்தல் வெடிக்கக்கூடும். வேண்டியபோது வேண்டிய அளவு கரைத்து, எஞ்சியதை ஊற்றிவிடுதலே முறை.

பெரும் ஆலைகள் எரிசோடாவைப் பயன்படுத்துகின்றன என்பதைக் காட்டி, அதுவே சிறந்ததெனச் சிலர் கருதுவர். ஆலைகளிலே அது மூடிய குழாய்களின் வழியே, பயிற்சி பெற்றோரின் மேற்பார்வையிற் செல்கிறது. அங்கும் காபனீரொட்சைட்டு நிறைந்த மூடிய தாங்கியினுள் எரிசோடாவைச் செலுத்தினால், வாயு முழுவதும் உறிஞ்சப்பட்டு வெற்றிடமுண்டாகி, தாங்கியே நசுங்கிப்போவதுண்டு. வீட்டிலோ, கண்ணிற் படும் ஒரு துளி பார்வையைப் பறிக்கும். தவிர்க்கவியலாது பயன்படுத்துவோர், கண்ணாடியும் நீண்ட கையுறையும் அணிந்து, குளிர்ந்த நீரிற் சோடாவைச் சிறிது சிறிதாக இடவேண்டும். சோடாவின்மேல் நீரை ஊற்றினால் அது கொதித்துத் தெறிக்கும். அலுமினியக் கலத்தில் அதனை இடவே கூடாது. உலோகம் அரிக்கப்படுவதோடு, தீப்பற்றும் ஐதரசனும் வெளிவரும். தோலிலோ கண்ணிலோ பட்டால் உடனே ஓடும் நீராற் கழுவவேண்டும். கண்ணாயின் கால்மணி நேரமேனும் கழுவி, தாமதமின்றி வைத்தியரை நாடவேண்டும்.

வருமுன் காத்தலுக்குச் செலவேதுமில்லை. மோல்ற் பாகினைச் சேர்க்குமுன் அடுப்பை அணைத்து, பாகு முற்றாகக் கரையும்வரை கலக்கி, பின்னரே மீண்டும் மூட்டுதல். சுவாலையைப் படிப்படியாகக் கூட்டுதல். பயன்படுத்திய அன்றே கலத்தைக் கழுவுதல். இம்மூன்றையும் கடைப்பிடிப்போர்க்கு மேற்கூறிய பலவும் தேவைப்படா.

6. கணக்கில் வராத உழைப்பு

'மூலதனம்' இரண்டாம் பாகத்திலே (1885), இயந்திரங்களைத் துப்புரவாக்கும் உழைப்பைப் பற்றி மார்க்ஸ் குறிப்பிடுகிறார். அவ்வுழைப்பின்றி இயந்திரம் பயனற்றுப்போகும். எனினும், தொழிலாளர் அதனைத் தமது ஓய்வு வேளையில் ஊதியமின்றியே செய்கின்றனர். சில வேளைகளில் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே செய்கின்றனர். விபத்துகள் பலவற்றுக்கும் இதுவே காரணமாகிறது. பொருளின் விலையில் இவ்வுழைப்பு இடம்பெறுவதில்லை என்பது அவர் காட்டும் உண்மை. துப்புரவு ஆபத்தானதாவது அதன் இயல்பினாலன்று. அதற்கு நேரம் ஒதுக்கப்படாமையினாலேயாம் என்பது இதன் உட்கிடை.

சின்னர் வகுத்த நான்கு காரணிகளை இவ்வெளிச்சத்தில் மீண்டும் நோக்கலாம். விசை, வெப்பம், இரசாயனம் ஆகிய மூன்றும் அளவு கடந்தால் கையையும் கண்ணையும் நுரையீரலையும் தாக்குவன. நேரம் ஒன்றே எவரையும் தாக்காதது. ஆயின், நேரமே எல்லாவற்றிலும் விலையுயர்ந்தது; அதனைச் சுருக்குவதற்காகவே ஏனைய மூன்றும் பெருக்கப்படுகின்றன. தன் விருப்பத்துக்குப் பியர் தயாரிப்பவர் கலத்தை ஓரிரவு ஊறவிட்டு உறங்கச் செல்லலாம். அடுத்த வேளைச் சமையலுக்கு அதே சட்டி வேண்டியிருக்கும் உணவகத் தொழிலாளிக்கும், விடியுமுன் எழும் குடும்பப் பெண்ணுக்கும் அவ்வசதி இல்லை. அவர்களே உருக்குத் தும்பையும் கடுங்காரத்தையும் வெறுங்கையால் எடுக்கின்றனர். அறியாமையே இதற்குக் காரணமென்று கூறுதல் பாதி உண்மையே. எச்சரிக்கைச் சீட்டை வாசிக்கத் தெரிந்தவருக்கும், அதன்படி நடக்க நேரம் வாய்க்கவேண்டும்.

எனவே, கலத்தை ஊறவிடுக, அமிலத்தையும் வெளிற்றுதிரவத்தையும் சேர்க்காதிருக்க, கையுறை அணிக என்னும் அறிவுரைகள் இன்றியமையாதன. ஆனால் அவை மட்டும் போதியனவல்ல. இரண்டாவது கலமொன்றும், ஊறவைக்கும் நேரமும், அந்நேரத்துக்குரிய ஊதியமும் துலக்குபவருக்குக் கிடைக்கும்போதே அவ்வறிவுரைகள் நடைமுறையாகும். கறையில் உருக்கின் துலக்கம் தன்னைத் துலக்கிய கையை மறைத்துவிடுகிறது. அக்கையைக் கணக்கில் எடுக்கும் ஆராய்ச்சியே பொருள்சார் பண்பாட்டு ஆராய்ச்சியாக முழுமை பெறும்.